சூடாக இருந்த இருக்கை

எங்கள் வீட்டுப் பூனை செத்ததற்குக் காரணம் நான். கொல்ல நினைக்கவில்லை. ஆனாலும் கொன்றது நான்தான். அந்தச் சாவுக்கு இன்னொருவர் மேல் பழி விழுந்தபோது பக்கத்திலேயே நின்றேன். வாய் திறக்கவில்லை. இந்த இரண்டில் எது பெரிய குற்றம் என்பதை நீங்கள் முடிவு செய்யுங்கள். நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

ஓசூர் சிப்காட்டில் வாகன உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் நான் ஷிப்ட் சூப்பர்வைசர். இருபத்திரண்டு வருஷ சர்வீஸ். பிரஸ் ஷாப் என் பொறுப்பில் இருக்கிறது. இரும்புத் தகட்டை அச்சில் வைத்து அடித்து வடிவம் எடுக்கும் இடம். கை உள்ளே போனால் கை போயிற்று. ஊத்தங்கரை, அரூர் பக்கத்துப் பையன்கள் வருவார்கள். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வருவார்கள். ஒரே வாரத்தில் அவர்களைப் பழக்கி மெஷினில் நிறுத்துவேன். யாரையும் எதற்கும் பழக்கிவிடலாம் என்ற எண்ணம் எனக்குள் ஊறிப்போயிருந்தது. அது கர்வம்தான். அப்போது அதற்கு அனுபவம் என்று பெயர் வைத்திருந்தேன்.

எங்கள் தொழிலில் ஒரு ஜப்பானியச் சொல் உண்டு. போகா-யோக்கே. தவறு நடக்கவே முடியாதபடி இடத்தையும் கருவியையும் அமைத்துவிடுவது. டொயோட்டாவின் வேலைமுறைகளில் பங்கு வகித்த ஷிகேயோ ஷிங்கோ 1960-களில் பரப்பிய முறை அது. பிரஸ்ஸில் இரண்டு பொத்தான்கள் இருக்கும். ஒரு கைக்கு ஒன்று. இரண்டையும் சேர்த்து அழுத்தினால்தான் பிரஸ் இறங்கும். கை பொத்தானில் இருக்கும்போது அச்சுக்குள் இருக்க முடியாது. யாரையும் திட்ட வேண்டாம். யாரையும் பயமுறுத்த வேண்டாம்.

பயிற்சி வகுப்பில் இதோடு ஒரு கதையும் சொல்வேன். முதலில் இதற்கு வைத்த பெயர் பாகா-யோக்கே. முட்டாள் செய்யும் தப்பிலிருந்து காப்பு என்று பொருள். ஒரு தொழிற்சாலையில் ஒரு பெண் தொழிலாளி அந்தப் பெயரைக் கேட்டு, நான் அவ்வளவு முட்டாளா என்று அழுதுவிட்டார். ஷிங்கோ பெயரை மாற்றினார். போகா என்றால் கவனம் பிசகிச் செய்யும் தவறு. அது யாருக்கும் வரும். இந்தக் கதையை ஐம்பது தடவையாவது சொல்லியிருப்பேன். சொல்லும்போது குரல் தழுதழுக்கும். பையன்கள் அதைக் கவனிக்கிறார்களா என்றும் பார்த்துக்கொள்வேன்.

2022 தீபாவளிக்கு வந்த போனஸில் சோபா வாங்கினேன். முப்பத்தெட்டாயிரம் ரூபாய். பாதி ரொக்கம், பாதி தவணை. வெளிர் சாம்பல் நிறத் துணி போட்டது. அதுவரை எங்கள் வீட்டில் நான்கு பிளாஸ்டிக் நாற்காலிகள்தான். என் மனைவியின் அண்ணன் பெங்களூர் எலக்ட்ரானிக் சிட்டியில் வேலை செய்கிறார். ஓசூரிலிருந்து ஜூஜூவாடி தாண்டினால் அத்திப்பள்ளி. அங்கேயே கர்நாடகம் வந்துவிடும். எல்லையைத் தாண்டிப் போய் வேலை செய்பவன் ஒரு படி மேல், இந்தப் பக்கம் சிப்காட்டிலேயே கிடப்பவன் ஒரு படி கீழ் என்று எனக்குள் ஒரு கணக்கு இருந்தது. யாரும் என்னிடம் அப்படிச் சொன்னதில்லை. நானே போட்ட கணக்கு அது. அந்தக் கணக்கைச் சரிக்கட்டத்தான் சோபா வந்தது.

மச்சான் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தார். உட்கார்ந்தார். கறுப்பு பேன்ட். எழுந்தபோது தொடையெல்லாம் செம்பட்டை முடி. ஒவ்வொன்றாக எடுத்தார். எங்கே போடுவதென்று தெரியாமல் உள்ளங்கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். அவர் ஒன்றும் சொல்லவில்லை. நல்ல மனிதர். எனக்கு மட்டும் முகம் எரிந்தது.

பூனை அம்மாவுடையது. 2021-ல் அப்பா போன பிறகு அம்மாவை ஊரிலிருந்து அழைத்து வந்தேன். தேன்கனிக்கோட்டைக்கு அந்தப் பக்கம் எங்கள் ஊர். இரண்டு ஏக்கர் ராகிக் காடு. ராகி முற்றும் காலத்தில் யானை இறங்கும் ஊர். தனியாக அவரை அங்கே விட முடியாது. ஒரு டிரங்குப் பெட்டியும், காற்றுக்கு ஓட்டை போட்ட கோணிப்பையுமாக டவுன் பஸ்ஸில் வந்து இறங்கினார். பைக்குள் பூனை. செவலை என்று பெயர். "ராகி மூட்டைக்கு இவன்தாம்ப்பா பூட்டு" என்றார். பூனை மனிதனிடம் வந்து சேர்ந்த கதையும் தானியத்துக்கு வந்த எலியைத் தேடித்தான் என்று ஆராய்ச்சிக்காரர்கள் சொல்வதைப் பின்னால் படித்தேன். ராகி மூட்டையே இல்லாத வீட்டுக்குப் பூட்டு எதற்கு என்று அன்றைக்கு நான் கேட்டேன். அம்மா பதில் சொல்லவில்லை.

நானும் மனைவியும் வேலைக்குப் போய்விடுவோம். மகள் பள்ளிக்கூடம். பகல் முழுக்க அம்மாவுக்குத் துணை இரண்டே பேர். ஒன்று செவலை. இன்னொன்று பக்கத்து வீட்டுப் பெண். கன்னடம் பேசுகிறவள், முப்பது வயதிருக்கும். அம்மாவை 'அஜ்ஜி' என்று கூப்பிடுவாள். பூனையை 'பெக்கு' என்பாள். எல்லையோர ஊர்க்காரர் என்பதால் அம்மாவுக்குத் தெலுங்கும் கன்னடமும் புழக்கத்தில் உண்டு. இவர் களி கிண்டினால் அங்கே ஒரு உருண்டை போகும். அங்கே சாறு வைத்தால் இங்கே ஒரு கிண்ணம் வரும். இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருந்த மதில் சுவர்தான் அம்மாவுக்கு ஊர்.

சோபா வந்ததும் செவலை அதில் இடம் பிடித்துக்கொண்டது. மாலையில் மேற்கு ஜன்னல் வழியாக வெயில் அந்த மூலையில் விழும். அம்மா அங்கே உட்காருவார். பூனை மடியில் படுக்கும். முன்னங்கால் நகத்தைத் துணியில் மாட்டி இழுத்துச் சோம்பல் முறிக்கும். ஒரு மாதத்தில் கைப்பிடியில் நூல் பிரிந்தது. நான் பயிற்சியைத் தொடங்கினேன். வீட்டில் அந்தச் சொல்லைத்தான் சொன்னேன்.

முதலில் அதட்டல். பிறகு தண்ணீர். இஸ்திரி போடும்போது துணிக்குத் தெளிக்கும் பாட்டில் இருந்தது. பூனை சோபாவில் ஏறினால் முகத்தில் பீய்ச்சுவேன். பாய்ந்து ஓடும். நான் திருப்தியாக மனைவியைப் பார்ப்பேன். அவள் பார்வையைத் திருப்பிக்கொள்வாள்.

ஒருநாள் மாலை. இரண்டாவது ஷிப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். அம்மா சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். செவலை மடியில். அம்மா கையில் அரிந்த பீன்ஸ் தட்டு. நான் பாட்டிலை எடுத்தேன். பூனை மடியில்தானே இருக்கிறது, சோபாவில் இல்லையே என்ற யோசனை வந்தது. வந்ததும் அதைத் தள்ளினேன். பீய்ச்சினேன். பூனை பாதி நனைந்தது. மீதி அம்மாவின் புடவையிலும் முகத்திலும் பட்டது. அம்மா முந்தானையால் துடைத்துக்கொண்டார். தட்டோடு எழுந்து சமையலறைக்குப் போனார். "மேலே பட்டிடுச்சா" என்று கேட்டேன். "இல்லப்பா" என்றார். மன்னிப்புக் கேட்க அரை நிமிஷம் போதும். ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது என்று பைக்கை எடுத்தேன்.

அதன் பிறகு அம்மா சோபாவில் உட்கார்ந்து நான் பார்க்கவில்லை. பிளாஸ்டிக் நாற்காலியிலோ பாயிலோதான் இருப்பார். கால் வலிக்கு அதுதான் வசதி போல என்று எடுத்துக்கொண்டேன். எடுத்துக்கொண்டேன் என்பது பொய். எனக்குத் தெரியும். தெரிந்ததைக் கிளற வேண்டாம் என்று விட்டேன்.

பூனையும் கற்றுக்கொண்டது. நான் இருக்கும்போது சோபா பக்கம் வராது. என் பைக் சத்தம் தெருமுனையில் கேட்டாலே இறங்கிவிடுகிறது என்று மனைவி சொன்னாள். அதனால் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன். வீட்டுக்குள் நுழைந்ததும் சோபாவில் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பேன். மோட்டார் சூடேறியிருக்கிறதா என்று கை வைத்துப் பார்ப்போமே, அப்படி. சூடு இருந்தால் பூனை படுத்திருந்தது என்று அர்த்தம். மகள் பார்த்துக்கொண்டே இருப்பாள். சில நாள் நான் வருவதற்குள் அவளே ஓடிவந்து உட்கார்ந்துகொள்வாள். "நான்தான்ப்பா உட்கார்ந்திருந்தேன்" என்பாள். பத்து வயதுப் பெண்ணை நான் அப்படித்தான் பொய் சொல்லப் பழக்கினேன்.

அவள் தனியாக ஒரு வேலையும் செய்திருந்தாள். ஜன்னலோரம் ஒரு மர ஸ்டூல். அதன் மேல் அவளுடைய பழைய ஸ்வெட்டர். பூனை அதில் ஏறினால் நெத்திலிக் கருவாட்டில் ஒரு துண்டு. மூன்று நாள் செவலை அங்கேதான் படுத்தது. நான்காம் நாள் எனக்கு விடுமுறை. கம்பெனியில் மாதா மாதம் நடக்கும் ஃபைவ்-எஸ் என்ற ஒழுங்குபடுத்தும் வேலை மாதிரி வீட்டைச் சுத்தம் செய்யக் கிளம்பினேன். அதன் முதல் விதி, வேண்டாததை அப்புறப்படுத்து. கருவாட்டு நாற்றம் அடித்த ஸ்வெட்டரைக் குப்பையில் போட்டேன். ஸ்டூலை மாடிக்கு ஏற்றினேன். மகள் அழுதாள். "சோபா மேல ஏறாம இருக்கத்தானே வெச்சேன்" என்றாள். நான் கேட்டுக்கொள்ளவில்லை. பூனைக்கு வழி சொல்ல ஒரு குழந்தைக்குத் தெரிந்திருந்தது. இரண்டு பொத்தான்களைப் பற்றி இருபது வருஷமாக வகுப்பெடுத்தவனுக்குத் தெரியவில்லை.

2023 ஜனவரி. மார்கழிக் கடைசி. கடல் மட்டத்துக்கு ஏறக்குறைய தொள்ளாயிரம் மீட்டர் உயரத்தில் இருக்கிறது ஓசூர். அந்த மாதத்தில் ராத்திரிக் குளிர் எலும்பைத் தொடும். இரண்டாவது ஷிப்ட் முடித்து வீடு வரப் பன்னிரண்டு ஆகிவிட்டது. அன்று ஷாப்பில் ஒரு லாட் முழுக்க ரிஜெக்ட். மேனேஜர் எல்லார் முன்னாலும் என்னைக் கேட்டிருந்தார். நுழைந்ததும் சோபாவில் கை வைத்தேன். சூடாக இருந்தது.

யாரையும் எழுப்பவில்லை. அதற்கு முன்பே ஒருவர் கேன்டீனில் சொல்லியிருந்தார். பூனைக்கு வாசனை ஆகாது, அந்துருண்டையும் நீலகிரித் தைலமும் போட்டால் அந்தப் பக்கமே வராது என்று. பீரோவிலிருந்து அந்துருண்டைகளை எடுத்தேன். பேப்பரில் மடித்துச் சுத்தியால் தட்டிப் பொடித்தேன். சோபாவின் மடிப்புகளில் தூவித் தேய்த்தேன். தைலத்தைத் தண்ணீரில் கலந்து அதே பாட்டிலில் ஊற்றித் துணி முழுக்க அடித்தேன். பாதி பாட்டில் போனது. ஆத்திரத்தில் செய்ததல்ல. நிதானமாக, ஓரம் விடாமல் செய்தேன். என் வேலையில் எப்போதும் இருக்கும் ஒழுங்கு அதிலும் இருந்தது.

பூனை வாசனைக்கு ஒதுங்கவில்லை. வெளியே குளிர். விடிவதற்குள் எப்போதோ வந்து படுத்திருக்கிறது. பிறகு உடம்பை நக்கிச் சுத்தம் செய்திருக்கிறது. பூனை நாள் முழுக்கச் செய்யும் வேலை அதுதான். நான் துணியில் தேய்த்ததெல்லாம் ரோமத்தில் ஏறி, நாக்கு வழியாக வயிற்றுக்குப் போனது.

காலை ஒன்பது மணிக்கு மகள் எழுப்பினாள். செவலைக்கு வாயில் எச்சில் கொட்டிக்கொண்டிருந்தது. நடந்தால் பின்னங்கால் தள்ளாடியது. இரண்டு தடவை வாந்தி. பார்த்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது. முதல் வேலையாக ஈரத்துணி எடுத்துச் சோபாவைத் துடைத்தேன். பூனையை அல்ல, சோபாவை. சாட்சியத்தை அழித்தேன். அதன் பிறகுதான் அட்டைப்பெட்டியில் துணி போட்டுப் பூனையைத் தூக்கிக்கொண்டு மகளோடு கால்நடை மருத்துவரிடம் போனேன்.

மருத்துவர் வாயைத் திறந்து ஈறைப் பார்த்தார். "ஏதாவது மருந்து, பினாயில், அந்துருண்டை, தைலம் இந்த மாதிரி பட்டிருக்கா?" என்று கேட்டார். என் குற்றத்தின் பெயரையே சொல்லிக் கேட்டார். மகள் பெட்டியைப் பிடித்தபடி என் முகத்தைப் பார்த்தாள்.

"அதெல்லாம் ஒண்ணுமில்ல டாக்டர்" என்றேன்.

"எலி மருந்து?"

"பக்கத்துல யாராவது வெச்சிருக்கலாம்."

அவர் நான் சொன்னதை நம்பினார். நம்பி, அதற்குத் தகுந்த ஊசியைப் போட்டார். அவர் மேல் ஒரு குறையும் இல்லை. கேட்க வேண்டியதைக் கேட்டார். பதில் சொல்ல வேண்டியவன் பொய் சொன்னான். மகள் முன்னால் அவமானப்படப் பயந்தேன். இதற்கு வேறு காரணம் எதுவும் இல்லை.

அன்று ராத்திரி ஷிப்டிலிருந்து இரண்டு தடவை போனை எடுத்தேன். மருத்துவரின் எண் சீட்டில் இருந்தது. அழைக்கவில்லை. மறுநாள் ஈறு வெள்ளைத் தாளாக வெளுத்திருந்தது. மூன்றாம் நாள் விடியற்காலையில் செவலை செத்தது. அம்மாவின் பழைய புடவை மேல் படுத்திருந்தது. உண்மையைச் சொல்லியிருந்தால் பிழைத்திருக்குமா என்று மருத்துவரிடம் நான் இன்றுவரை கேட்கவில்லை. பதிலுக்குப் பயந்துதான் கேட்கவில்லை.

இனி இரண்டாவது குற்றம்.

வீட்டுக்குப் பின்னால் காலி மனை. அங்கே புதைக்கலாம் என்று மண்வெட்டியோடு வாசலுக்கு வந்தேன். அம்மா புடவைத் துண்டில் சுற்றிய பூனையோடு நின்றிருந்தார். பக்கத்து வீட்டுப் பெண் ஓடிவந்தாள். "அய்யோ அஜ்ஜி, பெக்குக்கு என்னாச்சு" என்றாள். அம்மா அவளைப் பார்த்தார். மருத்துவரிடம் நான் சொன்ன எலி மருந்துப் பேச்சை மகள் வீட்டில் சொல்லியிருந்தாள். போன வாரம்தான் அந்தப் பெண் மதில் சுவரோரம் நின்று, சமையலறையில் எலி வருகிறது, எலி பிஸ்கட் வாங்கினேன் என்று சொல்லியிருந்தாள்.

"நீ வெச்சதாடி?" என்று அம்மா கேட்டார்.

அவள் பதறிப்போனாள். பிஸ்கட்டை அலமாரிக்குள் வைத்ததாகவும், வெளியே போடவே இல்லை என்றும் சொன்னாள். உள்ளே ஓடிப்போய்ப் பிரிக்காத பாக்கெட்டை எடுத்துவந்து காட்டினாள். அம்மா அதைப் பார்க்கவில்லை. "வாயில்லாத ஜீவன்டி. உனக்கும் எனக்கும் இனிமே பேச்சு இல்ல" என்றார். அந்தப் பெண் அம்மாவை விட்டு என்னைப் பார்த்தாள். நீங்களாவது சொல்லுங்கள் என்பது மாதிரி ஒரு பார்வை. நான் குனிந்து மண்வெட்டியின் பூணைச் சரிசெய்தேன். பூண் சரியாகத்தான் இருந்தது.

புதைத்ததைச் சொல்லும் முன், பின்னாளில் படித்த ஒன்றைச் சொல்கிறேன். சைப்ரஸ் தீவில் ஷில்லூரோகாம்போஸ் என்ற இடத்தில் ஏறக்குறைய 9,500 வருஷத்துக்கு முந்திய ஒரு புதைகுழியைத் தோண்டினார்கள். ஒரு மனிதர். அவரிடமிருந்து ஒரு முழம்கூட இல்லாத தூரத்தில் ஒரு பூனை. 2004-ல் அந்தச் செய்தி வெளிவந்தது. படித்தபோது அம்மா செய்தது நினைவுக்கு வந்தது. நான் தோண்டிய குழியில் செவலையை வைத்துவிட்டு மடியிலிருந்து ஒரு கைப்பிடி ராகியைப் போட்டார். பிறகு தானே மண்ணைத் தள்ளினார். என்னைத் தள்ளவிடவில்லை. அது அவர் பாசத்தில் செய்தது. என்மேல் சந்தேகம் இருந்து செய்ததல்ல. சந்தேகப்பட்டிருந்தால்கூட எனக்கு அது நிம்மதியாக இருந்திருக்கும்.

பத்து நாள் கழித்து மகள் சொன்னாள். அன்று ராத்திரி சோபாவில் இருந்தது பூனை இல்லை. ஆயா. தரையில் குளிர் தாங்காமல், நான் வருவதற்குள் எழுந்துவிடலாம் என்று சோபாவில் போய்ப் படுத்திருக்கிறார். என் பைக் சத்தம் கேட்டதும் எழுந்து பாய்க்கு வந்துவிட்டார். மகள் விழித்திருந்து பார்த்திருக்கிறாள். நான் கை வைத்துப் பார்த்த சூடு என் அம்மாவின் உடம்புச் சூடு.

பூனையைப் பழக்க நான் செய்த எல்லாம் பூனைக்குப் பாதிதான் போய்ச் சேர்ந்தது. முழுசாகக் கற்றுக்கொண்டது அம்மா. என் வண்டிச் சத்தத்துக்கு எழுந்துபோக, எழுபது வயதில், மகன் வீட்டில் அவரைப் பழக்கியிருக்கிறேன்.

அதற்குப் பிறகு ராத்திரிகளில் பூனையைப் பற்றிப் படித்தேன். செத்த பிறகு படித்தேன். எட்வர்ட் தார்ன்டைக் என்ற அமெரிக்கர் 1898-ல் பூனைகளை மரப்பெட்டிகளில் அடைத்து, வெளியே தீனி வைத்து, அவை எப்படித் தாழைத் திறக்கக் கற்கின்றன என்று பார்த்தார். பலன் கிடைத்த செயல் பூனையிடம் நிலைத்தது. தண்டனையும் அதே அளவுக்குப் பழக்கும் என்று முதலில் நினைத்தார். முப்பது வருஷம் கழித்து, பரிசுக்கு இருக்கும் பலம் தண்டனைக்கு இல்லை என்று தன் கருத்தைத் தானே திருத்திக்கொண்டார். பூனையைத் தண்டித்தால் அது இடத்தை வெறுப்பதில்லை. தண்டிக்கும் ஆளுக்குத்தான் பயப்படும். ஆள் இல்லாதபோது மறுபடி ஏறும். செவலை செய்தது சரியாக இதைத்தான். உடம்பைச் சூடாக்கவோ குளிர்விக்கவோ மெனக்கெடாமல் பூனை இருக்கக்கூடிய வெப்பம் 30-லிருந்து 38 டிகிரி வரை. நமக்குப் புழுக்கமாக இருக்கும் சூடு அதற்கு இதம். வெயில் விழும் மூலையையும் மனித மடியையும் அது தேடியது ஆணவத்தால் இல்லை. நகத்தை இழுத்தது சோபாவைக் கெடுக்க இல்லை. பழைய நக உறையைக் கழற்றவும், உள்ளங்காலின் வாசனையை விட்டுவைக்கவும் பூனை எதையாவது பிறாண்டியே ஆக வேண்டும். ஒரு கட்டையில் சணல் கயிற்றைச் சுற்றிப் பக்கத்தில் வைத்திருந்தால் போதும். ஷாப்பில் பழைய சணல் கயிறு கிடந்தது.

தைலத்தைப் பற்றியும் படித்தேன். பல வேதிப்பொருள்களை மாற்றி வெளியேற்ற நம் ஈரலில் இருக்கும் ஏற்பாடு பூனைக்கு முழுதாக இல்லை. யுஜிடி1ஏ6 என்ற மரபணு பூனை இனத்தில் செயலிழந்து கிடக்கிறது. நாம் காய்ச்சலுக்குப் போடும் ஒரு பாராசிட்டமால் மாத்திரையே பூனையைக் கொல்லும். அந்துருண்டையில் இருக்கும் நாப்தலீன் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். ஈறு வெளுத்தது அதனால்தான். இதை எழுதுவதற்கு ஒரு காரணம் உண்டு. கேன்டீனில் என்னிடம் சொன்னவர் கெட்டெண்ணத்தில் சொல்லவில்லை. இன்னும் பலர் இதையே பலருக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். தயவுசெய்து யாரும் செய்யாதீர்கள்.

சட்டத்தையும் பார்த்தேன். ருக்மிணி தேவி அருண்டேல் ராஜ்யசபாவில் கொண்டுவந்த தனிநபர் மசோதாவை அடுத்து, 1960-ல் மிருகவதைத் தடுப்புச் சட்டம் வந்தது. தீங்கான பொருளை மிருகத்துக்கு வேண்டுமென்றே கொடுப்பது அதில் குற்றம். முதல் தடவைக்கு அபராதம் பத்து ரூபாய் முதல் ஐம்பது ரூபாய் வரை. நான் அந்தச் சட்டத்தின் முன்னால் போய் நின்றிருந்தாலும் ஐம்பது ரூபாயோடு வெளியே வந்திருப்பேன். அந்தத் தொகையைப் படித்தபோது எனக்கு ஆறுதல் வரவில்லை. தப்பித்துவிட்டோம் என்று ஒரு கணம் தோன்றியது. அதையும் சொல்ல வேண்டும்.

உண்மை தெரிந்த பிறகும் நான் ஒரு வருஷம் வாயைத் திறக்கவில்லை. அந்த ஒரு வருஷத்தில் அம்மா மதில் சுவர் பக்கம் போகவில்லை. அந்தப் பெண் முதலில் கிண்ணத்தோடு இரண்டு தடவை வந்தாள். அம்மா கதவைத் திறக்கவில்லை. பிறகு அவள் வரவில்லை. பகல் முழுக்க அம்மா டிவி பார்த்தார். பேச்சு குறைந்தது. நான் சோபாவில் உட்காரச் சொல்லிக் கெஞ்சினேன். "எனக்கு இதே போதும்ப்பா" என்பார். நடுவில் அந்தக் குடும்பம் வீடு மாறி அத்திப்பள்ளிப் பக்கம் போய்விட்டது. அவள் கணவனுக்கு அங்கே வேலை. என்னால்தான் போனார்கள் என்று சொல்ல மாட்டேன். போகும் நாளில் அஜ்ஜியிடம் சொல்லிக்கொள்ள முடியாமல் போனாளே, அது என்னால்.

2024 பொங்கலுக்கு மறுநாள் அம்மாவிடம் சொன்னேன். அந்துருண்டை, தைலம், சோபாவைத் துடைத்தது, மருத்துவரிடம் பொய், மண்வெட்டி, எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா மொச்சை உரித்துக்கொண்டிருந்தார். உரிப்பதை நிறுத்தவில்லை. திட்டுவார், அழுவார் என்று காத்திருந்தேன். கடைசி மொச்சை வரை உரித்து முடித்தார். தோலை முறத்தில் தள்ளினார்.

"அந்தப் புள்ளகிட்ட சொன்னியா?" என்றார்.

"இல்லம்மா."

"வண்டியை எடு."

அத்திப்பள்ளியில் வீட்டைக் கண்டுபிடிக்க ஒரு மணி நேரம் ஆயிற்று. கதவைத் திறந்தவள் அம்மாவைப் பார்த்ததும் ஒரு அடி பின்னால் போனாள். பிறகு உள்ளே கூப்பிட்டாள். இரண்டு பேரும் கன்னடத்தில் பேசினார்கள். அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டார். எனக்குப் பாதிதான் புரிந்தது. பிறகு அம்மா என் பக்கம் திரும்பி, "நீயே சொல்லு" என்றார். தமிழில் மறுபடி முழுக்கச் சொன்னேன். அம்மாவிடம் சொன்னதில் எதையும் விடவில்லை.

அவள் என்னைத் திட்டவில்லை. கொஞ்ச நேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அன்னிக்கு வாசல்ல, நான் பாக்கெட்டைக் கொண்டுவந்து காட்டினப்போ, நீங்க அங்கதானே அண்ணா நின்னுட்டிருந்தீங்க?" என்று கேட்டாள்.

ஆமாம் என்றேன்.